மன அழுத்தம் உடம்பில் இறங்கிவிட்டால் முதலில் எங்கே போவது? திருகோணமலையில் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

நித்திரை கெட்டு மாதக்கணக்காகிறது. விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு கண் மூடுவதில்லை. வயிற்றைச் சுற்றி மட்டும் சதை போடுகிறது, முடி கொட்டுகிறது, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது. மாதவிடாய் இரண்டு மாதமாகக் காணவில்லை, அல்லது ஒரே மாதத்தில் இரண்டு தரம் வருகிறது. யாரிடம் சொன்னாலும் "சும்மா யோசிக்காதீங்க, யோசனையாலதான் இவ்வளவும்" என்று பதில் வரும். சரி, யோசனையால்தான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வது? கையில் இருப்பது ஒரு நாள் லீவும் கொஞ்சக் காசும்.

இந்த நிலையில் திருகோணமலையில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. தனியார் லேபில் "ஹோர்மோன் பக்கேஜ்" செய்யலாம். சிறப்பு வைத்திய நிபுணர் ஒருவரை சனல் பண்ணலாம். அரச வைத்தியசாலையின் ஓபிடிக்குப் போய் வரிசையில் நிற்கலாம். சித்த வைத்தியரிடம் போகலாம், அல்லது பாமசியில் ஏதாவது குளிசை வாங்கலாம். மனநலப் பிரிவிலோ உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ கதைக்கலாம். இவற்றோடு, வீட்டுக்குள்ளேயே மாற்றக்கூடியவையும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் தொடங்க வேண்டிய இடம் அரச வைத்தியசாலை. மனநல உதவியை எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அது முன்னுக்கு வர வேண்டும். காசு அதிகமாக வீணாவது ஹோர்மோன் பக்கேஜில்தான். ஏன் என்று சொல்ல, உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாய் துரத்தினாலும், நுண்கடன் வசூலிக்க வந்தவர் படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், மூளைக்கு இரண்டும் ஆபத்துதான். முதல் சில நொடிகளில் அட்ரினலின் ஓடும். நெஞ்சு அடிக்கும், கை வியர்க்கும். அதன் பின்னால் மெதுவாக இன்னொரு வரிசை தொடங்கும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ், சிஆர்எச் என்ற ஹோர்மோனை விடும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி விடும் ஏசிடிஎச், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குப் போய்க் கோர்ட்டிசோலைச் சுரக்க வைக்கும். கோர்ட்டிசோல் கெட்ட பொருள் அல்ல, அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. விடிந்து எழும்பும் நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். பிறகு நாள் முழுக்க இறங்கி, நடுச்சாமத்தை அண்டி மிகக் குறைந்த அளவில் நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், லேப் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கும். இரத்தத்தில் போதுமான கோர்ட்டிசோல் இருப்பதை உணர்ந்து மூளை தானாகவே சுரப்பைக் குறைத்துவிடும். துரத்துவது போகாமலே நிற்கும்போதுதான் சிக்கல். பாரிசவாதத்தில் படுத்த மாமியார், கட்டாரில் வேலை செய்யும் கணவன், ஏலெவல் எடுக்கும் பிள்ளை, கிழமைக் கிழமை கட்ட வேண்டிய கடன் என்று நம் பக்கத்தில் பலருக்கு அது வருடக்கணக்கில் நிற்கிறது. எலிகளை வெவ்வேறு விதமாக வருத்திப் பார்த்த ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர், 1936 இல் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பில், வருத்தியது எதுவானாலும் விளைவு ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினார். அட்ரீனல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்போடு தொடர்புடைய தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது.

2022 இல் காஸும் பெற்றோலும் இல்லாத மாதங்களில் நம் வீடுகளில் என்ன செய்தோம்? சோற்றுக்கும் மருந்துக்கும் காசை ஒதுக்கிவிட்டு, கூரை திருத்துவதையும் கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போட்டோம். நீண்ட நெருக்கடியில் உடம்பும் இதைத்தான் செய்கிறது. உடனடித் தேவைக்குச் சக்தி வேண்டுமென்று ஈரல் இரத்தத்தில் சீனியை விடுகிறது. இன்சுலின் முன்போல வேலை செய்வதில்லை. கொழுப்பு வயிற்றுக்குள் சேருகிறது, பிரஷர் ஏறுகிறது. திருத்த வேலையும் இனப்பெருக்கமும் பின்னுக்குப் போகின்றன. ஹைப்போதலமஸிலிருந்து ஜிஎன்ஆர்எச் என்ற ஹோர்மோன் விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் வர வேண்டும். அது மந்தமானால் முட்டை வெளியேறாது, மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு ஓடுகிற பெண்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஆண்களுக்கு டெஸ்டஸ்டரோன் குறையும். அவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திருத்த வேலை தள்ளிப்போவதை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று 1995 இல் வெளிவந்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அதே வயதுடைய, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீற்றர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் செய்து பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்கு அது சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பராமரிப்பவர்களுக்கு 48.7 நாள் எடுத்தது. நோயாளியை வைத்துப் பார்க்கும் பெண்களிடம் "உனக்கு என்ன, வீட்டிலதானே இருக்கிறாய்" என்று சொல்பவர்கள் இந்த ஒன்பது நாள் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதயத்துக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கிய காரணிகளில் மன உளைச்சலையும் ஒன்றாகச் சேர்த்தது. அதே ஆய்வில் தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 58.8.

ஹோர்மோன் பக்கேஜ்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கச்சி, வேலை முடிந்து வரும் வழியில் ஒரு தனியார் லேபுக்குப் போய் இந்தப் பக்கேஜைச் செய்தாள். ரிப்போட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டும்போது அவள் முகம் வெளிறியிருந்தது. கோர்ட்டிசோல் 5.1. பக்கத்தில் குறைவு என்று ஓர் அடையாளம். அதற்குப் பக்கத்தில் சாதாரண அளவு 6.2 முதல் 19.4 வரை என்று அச்சாகியிருந்தது. இணையத்தில் தேடிவிட்டு, தன் அட்ரீனல் சுரப்பி களைத்துப்போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தாள். அதற்கென்று ஒரு போத்தல் குளிசை வாங்கவும் தயாராகிவிட்டாள்.

ரிப்போட்டின் மேல் மூலையில் இரத்தம் எடுத்த நேரம் இருந்தது: பின்னேரம் நாலரை. 6.2 முதல் 19.4 என்பது காலையில் எடுக்கும் இரத்தத்துக்கான அளவு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், பின்னேரத்துக்கு 2.3 முதல் 11.9 என்று இன்னொரு வரி இருந்தது. அந்த வரிப்படி 5.1 முழுக்கச் சாதாரணம். யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. அடையாளத்தைப் போட்டது கணினி, அதற்கு நேரம் தெரியாது.

காலையில் எடுத்திருந்தாலும் அந்த எண்ணால் அவளுடைய மன அழுத்தத்தை அளந்திருக்க முடியாது. ஊசி குத்துகிற பயமே கோர்ட்டிசோலை ஏற்றும். ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் மொத்தக் கோர்ட்டிசோல் கூடிக் காட்டும். இன்னொன்றும் இருக்கிறது, நம் ஊருக்கு அது முக்கியம். யுத்தம், இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று பெரிய அதிர்ச்சிகளைத் தாண்டி வந்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறோம். அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடுவோடு வாழ்பவர்களில் கோர்ட்டிசோல் கூடாமல், சாதாரணத்தை விடக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதனால் ரிப்போட் சரியாக இருக்கிறது என்பதற்காக "உனக்கு ஒன்றுமில்லை" என்று யாரும் சொல்லக்கூடாது.

"அட்ரீனல் சோர்வு" என்று இணையத்தில் சொல்லப்படுவது மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய் அல்ல. 58 ஆய்வுகளை அலசிய 2016 ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்று அப்படி ஒரு நோய்க்கு ஆதாரம் இல்லை என்றது. அட்ரீனல் உண்மையிலேயே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு. அதில் எடை குறையும், தோல் கறுக்கும், பிரஷர் இறங்கும், வாந்தி வரும். அதற்கு வைத்தியசாலைதான், போத்தல் குளிசை அல்ல.

பக்கேஜ் செய்யப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முடிக்கென்று பயோட்டின் குளிசை எடுப்பவர்களுக்குச் சில இயந்திரங்களில் தைரொயிட் சோதனை பிழையாக வரும். தைரொயிட்டைத் தூண்டும் ரிஎஸ்எச் குறைந்தும், தைரொயிட் சுரக்கும் தைரொட்சின் கூடியும் காட்டி, இல்லாத தைரொயிட் நோயை இருப்பதாகச் சொல்லிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017 இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாளுக்கு முன்னரே அதை நிறுத்துங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் எடுப்பவரும், முடி கொட்டுகிறது என்று தைரொயிட் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கோர்ட்டிசோல் சோதனை உண்மையாகத் தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். முகம் வட்டமாக ஊதி, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள் விழுந்து, தொட்டாலே கண்டிப்போய், குந்தியிருந்து எழும்ப முடியாமல் தொடை பலவீனமானால், கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சும் கஷிங் நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று தனிச் சோதனைகள் உண்டு: இரவில் டெக்சாமெதசோன் குளிசை கொடுத்து மறுநாள் காலை இரத்தம் பார்ப்பது, 24 மணி நேரச் சிறுநீர், நடுச்சாம உமிழ்நீர். எது வேண்டும் என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். உடம்பிலேயே உருவாகும் கஷிங் மிக அரிது. கோர்ட்டிசோல் மாதிரியே வேலை செய்யும், வெளியிலிருந்து போகும் ஸ்டீரொயிட் மருந்துதான் அதைவிட அடிக்கடி இந்தக் கோலத்தை உண்டாக்குகிறது. இழுப்புக்கும் மூட்டு வலிக்கும் வருடக்கணக்காக எடுக்கும் பிரெட்னிசொலோன், பெயரில்லாத பொட்டலத் தூள், முகம் வெளுக்கப் பூசும் கிறீம் எல்லாம் இதில் அடங்கும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீரொயிட் குளிசையைப் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார்.

சனல் பண்ணுவது

நிபுணரைப் பார்ப்பது நல்லதுதான், முதல் அடியாக அல்ல. கையில் எந்த அடிப்படை ரிப்போட்டும் இல்லாமல் போனால், அவரும் முதலில் அதே சோதனைகளைத்தான் எழுதித் தருவார். ரிப்போட்டோடு திரும்ப சனல் பண்ண வேண்டும், கட்டணம் இரண்டு தரம். தேவையான நிபுணர் கொழும்பிலோ கண்டியிலோ என்றால் இரவுப் பயணம், அரை நித்திரை, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேரும். கர்ப்பம் இல்லாமல் மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றவர்களும் பிள்ளைக்குக் காத்திருப்பவர்களும் பெண்நோயியல் நிபுணரைத் தள்ளிப்போடக் கூடாது. அடிப்படைச் சோதனையில் ஏதாவது பிழையாக வந்தால் அகஞ்சுரக்கும் தொகுதி (ஹோர்மோன்) நிபுணரிடம் போகலாம். மற்றவர்கள் பொறுக்கலாம்.

ஓபிடி வரிசையும் சுகவாழ்வு நிலையமும்

மாவட்டப் பொது வைத்தியசாலையின் ஓபிடியில் நின்றவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். விடியவே போக வேண்டும். உங்கள் முறை வரும்போது வைத்தியருக்கு உங்களுக்கென்று சில நிமிடம்தான் இருக்கும். "நித்திரை இல்லை, களைப்பு" என்று மட்டும் சொன்னால் விற்றமினும் பனடோலும் எழுதித் தருவார். அவரைக் குறைசொல்ல முடியாது. நூறு பேரைப் பார்க்கும் ஒருவருக்கு, நாம் சொல்லாததைத் தோண்டி எடுக்க நேரம் இல்லை. ஆனாலும் நான் இதைத்தான் முதலில் வைக்கிறேன். இலவசம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இங்கே யாரும் உங்களுக்கு எதையும் விற்கப் பார்ப்பதில்லை. எழுதித் தரும் சோதனைகளும் அடிப்படையானவை.

வரிசைக்குப் பயப்படுபவர்களுக்கும் 35 வயதைத் தாண்டியவர்களுக்கும் இன்னொரு வாசல் உண்டு. 2011 முதல் சிறிய அரச வைத்தியசாலைகளில் சுகவாழ்வு நிலையங்கள் நடக்கின்றன. எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறுவயிற்றுச் சீனி எல்லாம் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பெண்களுக்கான கிளினிக்கில் பிரஷர், சீனியோடு மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிப்பார்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் இருப்பவர்கள் நகரத்துக்கு வராமலே முதல் அடியை வைக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சொல்லுவார். நுண்கடன் கூட்டத்துக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கிளினிக் நாள் தெரியும் என்று யோசித்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

"யோசனையால்தான்" என்று முடிவெடுக்கும் முன் தள்ளிவைக்க வேண்டிய வருத்தங்கள் சில உண்டு, அவற்றுக்காகத்தான் இந்தச் சோதனைகள். மாதவிடாய் தள்ளிப்போனால், வயது 42 ஆனாலும், முதலில் கர்ப்பப் பரிசோதனை. இரத்தச்சோகை இருந்தால் படபடப்பும் களைப்பும் முடி கொட்டுவதும் அப்படியே மன அழுத்தம் மாதிரித்தான் இருக்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே என்றால் அது சோகை. ரிஎஸ்எச் கூடினால் தைரொயிட் மந்தம்: உடம்பு கனக்கும், மலம் இறுகும், மனமும் சோரும். வெறுவயிற்றுச் சீனி 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் வந்தால் அது சீனி வருத்தம். 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. பிரஷர் திரும்பத் திரும்ப 140 க்கு 90 ஐத் தாண்டினால் அதற்கும் மருத்துவம் வேண்டும். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கப்போகும் காலமே நித்திரையைக் கெடுத்து உடம்பை வியர்க்க வைக்கலாம். மூன்று மாதக் கருத்தடை ஊசியான டிப்போ போடுபவர்களுக்கு மாதவிடாய் நிற்பது அந்த ஊசியின் வேலை. வாய்வுக்கென்று தொடர்ந்து எடுக்கும் டொம்பெரிடோன், பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனான புரோலக்டினை ஏற்றி மாதவிடாயைக் குழப்பும். புரோலக்டினை மன அழுத்தமும் கொஞ்சம் ஏற்றும், அதனால் அதை அமைதியாக இருந்து எடுத்து, கூடியிருந்தால் இன்னொரு தரம் பார்ப்பார்கள்.

எல்லாம் பார்த்து எல்லாம் சரி என்று வந்தால், உண்மையிலேயே நெருக்கடிதான் உடம்பைப் பிடித்திருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். அங்கேயிருந்துதான் மற்ற வழிகள் தொடங்குகின்றன.

சித்த வைத்தியம், பாமசிக் குளிசை

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே நடக்கிறது. முறையாகப் படித்துப் பதிவு செய்த வைத்தியர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். நாடி பார்த்து, சாப்பாடு, மலம், நித்திரை, வீட்டு நிலைமை என்று அரை மணி நேரம் கேட்பார்கள். ஓபிடியில் கிடைக்காதது அதுதான். அந்தக் கேட்டலுக்கே ஒரு குணம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நரம்புத் தளர்ச்சிக்கும் நித்திரைக்கும் நம் வீடுகளில் பேசப்படும் அமுக்கராவை எடுத்துக்கொள்வோம். அதையே அஸ்வகந்தா என்று போத்தலில் அடைத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். சில சிறிய ஆய்வுகளில் அதை எடுத்தவர்களுக்கு மன அழுத்தமும் கோர்ட்டிசோலும் ஓரளவு குறைந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் சில கிழமைகளோடு முடிந்தவை. அது தைரொயிட் ஹோர்மோனைக் கூட்டக்கூடும், கர்ப்பத்தில் எடுக்கக்கூடாது, சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. டென்மார்க் 2023 இல் அதைத் தடையே செய்தது. அதனால் வைத்தியர் பார்த்து, அளவு சொல்லித் தந்தால் எடுங்கள். இணையத்தில் பார்த்து ஓடர் பண்ணாதீர்கள். எடுத்தால் ஓபிடி வைத்தியரிடமும் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுக்கும் பிரஷர், சீனிக் குளிசைகளை நிறுத்திவிட்டுச் சூரணத்துக்கு மாறுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாமசியில் சிட்டையில்லாமல் வாங்கும் நித்திரைக் குளிசை எந்த ஒப்பீட்டிலும் கடைசிதான். சில கிழமையில் அது இல்லாமல் படுக்க முடியாத நிலை வரும்.

மனநலப் பிரிவும் உளவளத்துணையும்

"அங்க போனா விசரெண்டு ஊர் சொல்லும்." இந்தப் பயத்தால் எத்தனையோ பேர் சீனியும் பிரஷரும் வந்த பிறகுதான் அந்த வாசலுக்கு வருகிறார்கள். சின்ன ஊர்தான், கிளினிக் வாசலில் தெரிந்த முகம் ஒன்று நிற்கத்தான் செய்யும். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விடிய மூன்று மணி விழிப்பு, பசியின்மை, எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருப்பது எல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகள். அதற்கு மருத்துவம் இருக்கிறது, அந்த மருத்துவம் வேலை செய்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிற ஆளுக்கு மாதவிடாய்க் குளிசையும் முடி எண்ணெயும் கொடுப்பதால் என்ன பயன்?

மருந்துதான் வேண்டும் என்றும் இல்லை. பதற்ற நோய் உள்ள 276 பேரை வைத்துச் செய்து 2022 இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டுக் கிழமை மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் தியானப் பயிற்சி எடுத்தவர்களுக்கு, பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிற்றலோபிராம் குளிசை எடுத்தவர்களுக்குக் கிடைத்த அளவு நிவாரணம் கிடைத்தது.

கிளினிக் வாசலில் நிற்கத் தயங்குபவர்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போகலாம். செயலகத்துக்கு ஆயிரம் வேலைக்கு ஆட்கள் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுவும் முடியாது என்றால் 1926. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம். உயிரை விடுகிற எண்ணம் ஒரு தரம் வந்திருந்தாலும் மற்ற எந்த வழியையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கதையுங்கள்.

வீட்டுக்குள்

நடையும் நித்திரையும் எல்லாரும் சொல்வதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது, வேகமான நடையும் அதில் சேரும். டச்பே கரையிலோ கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டை வீதியிலோ நடக்கலாம். கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்னர் முடித்துவிடுங்கள், பிறகு அனல். வெளியில் நடக்கத் தோது இல்லாத பெண்களுக்கு வளவுக்குள் நடப்பதும் நடைதான். தேத்தண்ணியைப் பின்னேரம் நாலு மணியோடு நிறுத்துங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள்.

இதைவிட ஒன்றைப் பெரிதாக நினைக்கிறேன். சுமையைக் குறைக்காமல் சுமப்பவளை மட்டும் மாற்றப் பார்ப்பது நியாயமில்லை. மாமியாருக்கு இரவில் மூன்று தரம் எழும்புகிற பெண்ணுக்கு, கிழமையில் இரண்டு இரவு மகனோ மச்சாளோ அந்த வேலையை எடுத்தால், எந்தக் குளிசையும் தராத மாற்றம் அவள் உடம்பில் வரும். மூன்று இடத்துக் கடனைக் குறைந்த வட்டிக்கு ஓர் இடத்துக்கு மாற்ற முடியுமா என்று வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்பதும் கோர்ட்டிசோலைக் குறைக்கும் வேலைதான். குடும்பத்தில் இதைக் கதைக்கப் பெண்ணுக்குத் தைரியம் வராவிட்டால், வைத்தியரே கணவனையோ மகனையோ கூப்பிட்டுச் சொல்லுமாறு கேட்கலாம். வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் நம் ஆண்கள் கேட்கிறார்கள்.

ஆகவே, 35 ஐத் தாண்டியவரும், வீட்டில் சீனி, பிரஷர் உள்ளவரும் சுகவாழ்வு நிலையத்தில் தொடங்கலாம். மாதவிடாய் நின்றவர் ஓபிடியில் தொடங்கிப் பெண்நோயியல் கிளினிக்குக்கு கடிதம் கேட்கலாம். பழைய இழப்புகளோடு வாழ்ந்து இன்னும் திடுக்கிட்டு எழும்புபவர் அடிப்படைச் சோதனையையும் மனநலப் பிரிவையும் ஒரே கிழமையில் செய்வது நல்லது. ஒன்று முடியும்வரை மற்றதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சோதனைகள் சரியாக வந்து, மனமும் ஓரளவு தெம்பாக இருப்பவர் வீட்டு மாற்றங்களோடு சித்த வைத்தியரையும் பார்க்கலாம். நெஞ்சு இறுக்கி, இடது கையோ தாடையோ வலித்து, வியர்த்தால் மட்டும் யோசனை என்று படுத்துவிடாமல் 1990 க்கு அழையுங்கள்.

ஓபிடிக்குப் போகும் முதல் நாள் இரவு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி மாதவிடாய்த் திகதி, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், ஆறு மாதத்தில் எடை எவ்வளவு மாறியது, எடுக்கும் குளிசை, ஊசி, கிறீம், சூரணம் அத்தனையும், குடும்பத்தில் யாருக்குத் தைரொயிட், சீனி, மாரடைப்பு. அதற்குக் கீழே, வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு வரி. வாயால் சொல்ல வராவிட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிடுங்கள்.